கூகுள் அப்டேட்டில் தளம் சரிந்தால் என்ன செய்வது? தர்மபுரி, கிருஷ்ணகிரி சிறு வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் மாம்பழம் பெட்டி போட்டு அனுப்புகிறவர், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு வேன் ஓட்டுகிறவர், ஓசூரில் ரோஜா நாற்று விற்கிறவர், தர்மபுரியில் போட்டித் தேர்வுக்கு வகுப்பு நடத்துகிறவர் என்று நம் பக்கத்தில் சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் செய்து கொடுத்த தளமாக இருக்கும். கொஞ்ச காலம் கூகுளில் மேலே வரும், போனும் வரும். பிறகு ஏதோ ஒரு வாரத்தில் போன் குறையும். செய்து கொடுத்தவரைக் கேட்டால், "கூகுள் அப்டேட் வந்துடுச்சுங்க, எல்லாருக்கும் இப்படித்தான்" என்பார்.

எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. அதே வாரத்தில் மேலே ஏறிய தளங்களும் உண்டு. எது ஏறியது, எது இறங்கியது, ஏன் என்று புரிந்துகொண்டால், பாதி வேலையைச் செலவில்லாமல் நீங்களே செய்யலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை. கணினிப் படிப்பு தேவையில்லை. தளத்தின் லாகின், ஒரு ஜிமெயில், பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

முதலில், அப்டேட் என்றால் என்ன

கூகுள் தன் அல்காரிதத்தில், அதாவது எந்தப் பக்கத்தை எந்த இடத்தில் காட்டுவது என்று முடிவு செய்யும் நிரலில், சின்னச் சின்ன மாற்றங்களைத் தினமும் செய்துகொண்டே இருக்கிறது. அவை நம் கண்ணில் படுவதில்லை. ஆண்டுக்குச் சில முறை, பெயர் சொல்லி அறிவித்துவிட்டு, பெரிய மாற்றம் ஒன்றைச் செய்கிறது. அதுதான் 'கோர் அப்டேட்'. ஏமாற்று வேலைகளை மட்டும் குறிவைத்து வருவது 'ஸ்பேம் அப்டேட்'.

தரம் குறைந்த தளங்களை நேரடியாகக் குறிவைத்த முதல் பெரிய அடி 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா. கூகுள் பொறியாளர் நவ்நீத் பாண்டாவின் பெயரில் வந்தது அது. யாரோ எழுதியதைப் புரட்டிப் போட்டு ஆயிரக்கணக்கில் பக்கம் தயாரித்த 'கன்டென்ட் ஃபார்ம்' தளங்கள் அதில் சரிந்தன. அமெரிக்காவில் நடந்த தேடல்களில் 11.8 சதவீதத்தின் முடிவுகள் கண்ணுக்குத் தெரியும்படி மாறின. 2012 ஏப்ரல் 24 அன்று வந்த பென்குயின், தங்கள் தளத்தைச் சுட்டும் இணைப்புகளைப் பிற தளங்களில் காசு கொடுத்து வாங்கியவர்களைப் பிடித்தது. 2022 ஆகஸ்டில் 'ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்' அப்டேட் ஆங்கிலப் பக்கங்களுக்கு வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் எல்லா மொழிகளுக்கும் விரிந்தது. தமிழில் எழுதினால் கூகுள் கண்டுகொள்ளாது என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை அப்போதே விட்டிருக்க வேண்டும்.

அதன் பின் வந்தது 2024 மார்ச் அப்டேட். மார்ச் 5 அன்று தொடங்கி ஏப்ரல் 19 வரை 45 நாள் ஓடியது. ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் முறை அன்றிலிருந்து தனியாக இல்லை, கோர் அல்காரிதத்துக்குள்ளேயே கலந்துவிட்டது. கூடவே மூன்று புது ஸ்பேம் விதிகளும் வந்தன: ஆளுக்கு உதவாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வது, காலாவதியான பழைய டொமைனை, அதாவது தள முகவரியை, அதன் பழைய நற்பெயருக்காக வாங்கிக் குப்பையை நிரப்புவது, பேர் பெற்ற தளத்தில் இடம் பிடித்துச் சம்பந்தமில்லாத சரக்கை விற்பது. தரமற்ற, சொந்தமில்லாத உள்ளடக்கம் தேடல் முடிவுகளில் 45 சதவீதம் குறைந்ததாகக் கூகுள் பிறகு சொன்னது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கோர் அப்டேட்டில் இறங்குவது தண்டனை அல்ல. ராயக்கோட்டை மண்டிக்கு நீங்கள் கொண்டுபோன தக்காளி நேற்று இருந்த அதே தக்காளிதான். இன்று பக்கத்துப் பெட்டிகளில் அதைவிட நல்ல காய் வந்திருந்தால், வியாபாரி கை அங்கே போகும். உங்கள் மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. ஸ்பேம் விதியை மீறியதற்கு வரும் நடவடிக்கை வேறு வகை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு தவறான வைத்தியம் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

படி 1: சரிந்தது உண்மையா, சீசன் முடிந்ததா?

உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் கருவி இலவசம். இதுவரை தளத்தைச் சேர்க்கவில்லை என்றால் இன்றே சேருங்கள். டொமைன் வாங்கிய இடத்தில் அவர்கள் தரும் ஒரு வரிக் குறியீட்டைப் போட்டால் உரிமை உறுதியாகும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பகுதி, 16 மாதம் வரை பின்னோக்கிக் கணக்கு காட்டும். எத்தனை முறை உங்கள் பக்கம் முடிவுகளில் தெரிந்தது, எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள், எந்த வார்த்தையைத் தேடி வந்தார்கள் என்பதெல்லாம் அங்கே உண்டு.

நம் மாவட்டங்களில் இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. மாம்பழத் தளத்துக்கு மே, ஜூனில் கூட்டம். ஆகஸ்டில் வெறிச்சோடும். 2024 ஆகஸ்ட் 15 அன்று ஒரு கோர் அப்டேட் தொடங்கி செப்டம்பர் 3 அன்று முடிந்தது. மாங்காய் சீசன் முடிந்த அதே நேரம். ஜூனோடு செப்டம்பரை ஒப்பிட்ட மாம்பழ வியாபாரி தளம் செத்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். ஒகேனக்கல் தளத்துக்கு ஆடிப்பெருக்கு, கோடை விடுமுறை. காவிரியில் வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை விழுந்தால் அடுத்த நாளே தேடுகிற ஆள் மாறிவிடுவார். வகுப்பு நடத்துபவருக்குத் தேர்வு அறிவிப்பு வருகிற மாதம்.

ஆகவே, இந்த ஆண்டு செப்டம்பரைப் போன ஆண்டு செப்டம்பரோடு ஒப்பிடுங்கள். 'கம்பேர்' என்ற தேர்வு அங்கேயே இருக்கிறது. கூகுள் டிரெண்ட்ஸில் 'கிருஷ்ணகிரி மாம்பழம்' என்று போட்டுப் பார்த்தால், ஊரே தேடுவதைக் குறைத்துவிட்டதா, உங்களை மட்டும் குறைத்துவிட்டதா என்று தெரியும்.

படி 2: தேதியைப் பொருத்திப் பாருங்கள்

கூகுளின் 'சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டு' பக்கத்தில் ஒவ்வொரு அப்டேட்டும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி இருக்கும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் முடிவு செய்ய வேண்டாம். இன்று இறங்கியது நாளை ஏறும், மறுபடி இறங்கும். முடிந்த பிறகு முழுதாக ஒரு வாரம் விடுங்கள். அதன் பின், அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தையும் முடிந்த பிறகான ஒரு வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது இடத்திலிருந்து நான்காவது இடத்துக்கு வந்திருந்தால் பதற வேண்டாம், ஓடுகிற பக்கத்தைக் கிளறவும் வேண்டாம். நான்கிலிருந்து இருபத்தொன்பதுக்குப் போயிருந்தால்தான் தளம் முழுவதையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சரிவு எந்த அப்டேட் தேதியோடும் பொருந்தவில்லை என்றால், காரணம் அல்காரிதமாக இல்லாமல் போகலாம். ஹோஸ்டிங் கட்டணம் கட்டாமல் தளம் இரண்டு நாள் படுத்திருக்கும். புது டிசைன் போட்டவர், சோதனைக்காக வைத்த 'நோஇண்டெக்ஸ்' குறியை (இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்வது) எடுக்க மறந்திருப்பார். தளம் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அமைப்பில் 'தேடுபொறிகளைத் தவிர்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தாலே போதும், தளம் மெல்ல மெல்லத் தேடலிலிருந்து மறைந்துவிடும். முதலில் அதைப் பாருங்கள்.

படி 3: கை வைத்த நடவடிக்கை உண்டா?

சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்', 'செக்யூரிட்டி இஷ்யூஸ்' என்று இரண்டு பகுதிகள் இருக்கும். கூகுளில் ஓர் ஆள் உங்கள் தளத்தைப் பார்த்து விதிமீறல் என்று முடிவு செய்திருந்தால் முதலாவதில் எழுதியிருக்கும். தளத்தை யாராவது ஹேக் செய்திருந்தால் இரண்டாவதில். இரண்டும் காலியாக இருந்தால் நல்லது, அடுத்த படிக்குப் போகலாம். ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, அங்கேயே மறுபரிசீலனைக்கு விண்ணப்பம் போடுங்கள். அந்த விண்ணப்பம் மேனுவல் ஆக்‌ஷனுக்கும் செக்யூரிட்டி இஷ்யூவுக்கும் மட்டும்தான். கோர் அப்டேட்டில் இறங்கியதற்கு விண்ணப்பம் போடும் இடம் எங்குமே கிடையாது. அப்படிப் போட்டு எடுத்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

படி 4: ஒவ்வொரு பக்கத்திடமும் ஒரே கேள்வி

மெய்யான வேலை இங்கேதான் தொடங்குகிறது. தளத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரு ஷீட்டில் வரிசையாக எழுதுங்கள். பக்கத்துக்கு எதிரே, அப்டேட்டுக்கு முன் எத்தனை கிளிக், பின் எத்தனை கிளிக் என்று போடுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் திறந்து, முழுக்கப் படித்து, இதைக் கேளுங்கள்: இதை எழுதியவர் அந்தப் பொருளையோ இடத்தையோ பார்த்திருக்க வேண்டிய அவசியம் உண்டா? தோப்பைப் பார்க்காதவர், ஒகேனக்கல் போகாதவர், வகுப்பில் நிற்காதவர், வீட்டில் உட்கார்ந்தே இதை எழுதிவிட முடியுமா?

முடியும் என்றால் அது பலவீனமான பக்கம். தரம் என்று கூகுள் சொல்வதை எத்தனையோ விதமாக விளக்குகிறார்கள். நம்மைப் போன்ற சிறு தளத்துக்கு இந்த ஒரு கேள்வியே போதும் என்பது என் உறுதியான கருத்து. பக்கங்களை மதிப்பிடும் தன் ஆட்களுக்குக் கூகுள் கொடுக்கும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் 'நேரடி அனுபவம்' என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தார்கள். அதற்கு முன் நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம் ஆகிய மூன்றுதான் இருந்தன. பட்டம் இல்லாத தோப்புக்காரருக்கும் வேன் டிரைவருக்கும் இந்த நான்காவது அளவுகோல் தோதானது.

இந்தக் கேள்வியில் தோற்கும் பக்கங்கள் நம் ஊர்த் தளங்களில் பெரும்பாலும் இந்த வகைகளில் அடங்கும்.

ஊர்ப்பெயர் பக்கங்கள். 'சேலத்தில் கிருஷ்ணகிரி மாம்பழம்', 'ஈரோட்டில் கிருஷ்ணகிரி மாம்பழம்', 'நாமக்கல்லில் கிருஷ்ணகிரி மாம்பழம்' என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி வரிசையாகப் பக்கம் போட்டிருப்பார்கள். உள்ளே ஒரே எழுத்துதான் இருக்கும். கூகுள் இதை 'டோர்வே' பக்கம் என்கிறது, அது ஸ்பேம் விதியிலேயே வருகிறது. சேலத்துக்கு மட்டும் ஞாயிறும் வண்டி போகும் என்பது போல உண்மையான வேறுபாடு இருந்தால், எல்லா ஊரையும் ஒரே 'டெலிவரி' பக்கத்தில் அட்டவணையாகப் போட்டுவிடலாம்.

நகல் பக்கங்கள். ஒகேனக்கல் பற்றி எல்லாத் தளத்திலும் வரும் அதே மூன்று பத்தி: அருவி, பரிசல், எண்ணெய்க் குளியல், வறுத்த மீன். சில சொல் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே நூறு பேரிடம் இருப்பதை நூற்றொன்றாவதாக நீங்களும் வைத்தால், உங்களை முன்னால் காட்டக் கூகுளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

தானியங்கி மொழிபெயர்ப்பு. ஆங்கிலத் தளத்தில் ஒரு ப்ளக்இன் (கூடுதல் மென்பொருள்) போட்டு, எல்லாவற்றையும் ஒரே இரவில் தமிழாகவும் கன்னடமாகவும் தெலுங்காகவும் மாற்றிவிடுவது. ஓசூர் எல்லையில் இருப்பதால் நம் பகுதியில் இது அதிகம். பிறர் எழுதியதை மொழிபெயர்த்துக் குவிப்பதைக் கூகுள் தன் விதியிலேயே குறிப்பிட்டிருக்கிறது. உங்கள் சொந்தப் பக்கத்தையே மொழிபெயர்த்தாலும், அந்த மொழி தெரிந்த ஒருவர் படித்துத் திருத்தாமல் வெளியிடாதீர்கள். கன்னட வாடிக்கையாளர் உண்மையிலேயே வருகிறார் என்றால், ஒரே ஒரு நல்ல கன்னடப் பக்கம் போதும்.

வைத்தியப் பக்கங்கள். மாம்பழம் விற்கும் தளத்தில் 'சர்க்கரை நோயை விரட்டும் மாவிலை' என்று ஒரு பக்கம் இருக்கும். கேழ்வரகு மாவு விற்கும் தளத்தில் 'சிறுநீரகக் கல் கரைய'. உடல்நலம், பணம் இரண்டிலும் கூகுள் மிகக் கறாராக இருக்கிறது, ஏனென்றால் தவறான தகவல் ஆளையே கொல்லும். மாத்திரையை நிறுத்திவிட்டு மாவிலைக் கஷாயம் குடிக்கும் ஒருவர் உங்கள் பக்கத்தைப் படித்திருக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். தரவரிசைக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்.

ஏஐ எழுதிய பக்கங்கள் பற்றி நிறையப் பயம் இருக்கிறது. ஏஐ கருவியைப் பயன்படுத்தினாலே குற்றம் என்று கூகுள் சொல்லவில்லை. தேடலில் இடம் பிடிப்பதற்காக மட்டும் மொத்தமாகத் தயாரித்துக் கொட்டுவதுதான் விதிமீறல், அதை மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும். நீங்கள் பேசிப் பதிவு செய்ததை ஒழுங்குபடுத்த ஏஐயைப் பயன்படுத்தினால் தவறில்லை. நீங்கள் சொல்ல எதுவும் இல்லாத இடத்தை நிரப்ப அதைப் பயன்படுத்தினால், அந்தப் பக்கம் மேலே கேட்ட கேள்வியில் தோற்றுவிடும்.

கடைசியாக, செத்த பக்கங்கள். 2019 விலைப்பட்டியல், முடிந்துபோன தேர்வின் அறிவிப்பு, ஒரே ஒரு பதிவு மட்டும் உள்ள டேக் பக்கங்கள். இவை யாரையும் கெடுப்பதில்லை, ஆனால் தளத்தின் மொத்த எடையைக் கீழே இழுக்கலாம்.

படி 5: எடுப்பதா, சேர்ப்பதா, திருத்துவதா

அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். திருத்திக் காப்பாற்ற முடியாததை மட்டும் கடைசி வழியாக எடுங்கள் என்பதுதான் கூகுளின் சொந்த ஆலோசனையும். அழிக்கும் முன் தளத்தை முழுசாக ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள்.

ஊர்ப்பெயர் பக்கங்களை ஒரே பக்கமாகச் சேர்த்தால், பழைய முகவரிகளைப் புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் செய்யுங்கள், அதாவது பழையதைத் தட்டினால் நிரந்தரமாகப் புதியதற்கே போகும்படி வையுங்கள். மாற்றாக எதுவுமே இல்லாத பக்கத்தை எடுத்தால் 'பக்கம் இல்லை' என்ற 404 அல்லது 410 பதில் வரட்டும், அதில் குற்றமில்லை. எடுத்த பக்கங்களை எல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பலரும் செய்யும் வேலை. கூகுள் அதை 'சாஃப்ட் 404', அதாவது இல்லாத பக்கம்தான் என்று எடுத்துக்கொள்ளும், வாசகருக்கும் எரிச்சல்.

வாடிக்கையாளருக்குத் தேவை, ஆனால் தேடலில் வர வேண்டாம் என்ற பக்கத்துக்கு நோஇண்டெக்ஸ் போடலாம். அந்தப் பக்கத்தை, எங்கே வரக் கூடாது என்று கூகுளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் சேர்த்துத் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் கூகுள் உள்ளே வந்து நோஇண்டெக்ஸ் குறியைப் படிக்கவே முடியாது, பக்கம் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். சர்ச் கன்சோலின் 'ரிமூவல்ஸ்' கருவியும் பக்கத்தைச் சுமார் ஆறு மாதம்தான் மறைக்கும், நிரந்தரமாக நீக்காது.

படி 6: உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள்

குப்பையை எடுத்தால் மட்டும் தளம் ஏறாது. அந்த இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஒருவர் வாங்க நினைக்கிறார். அவருக்கு என்ன தெரிய வேண்டும்? நம் மாவட்டத்தில் அதிகம் விளையும் பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிறது. சாப்பிடுவதற்கென்றால் மல்கோவாவையோ இமாம் பசந்தையோ கேளுங்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். உங்கள் தோப்பில் எந்த ரகம் எந்த மாதம் இறங்கும், இந்த ஆண்டு பூ எப்படிப் பிடித்தது, காற்றில் எவ்வளவு உதிர்ந்தது என்று எழுதுங்கள். எப்படிப் பழுக்க வைக்கிறீர்கள் என்பது வாங்குபவரின் முதல் சந்தேகம். கால்சியம் கார்பைடு கல் சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. நீங்கள் வைக்கோலில் வைக்கிறீர்களா, எத்திலீன் அறையா, காயாகவே அனுப்புகிறீர்களா? காயாக வந்தால் வீட்டில் எத்தனை நாள், எப்படி வைக்க வேண்டும்? பெட்டியின் எடை பழத்தோடு எவ்வளவு, பழம் மட்டும் எவ்வளவு? அழுகிய பழம் வந்தால் என்ன செய்வீர்கள்? இவற்றுக்குப் பதில் எழுத உங்களுக்குக் கூகுள் தேவையில்லை, தினமும் போனில் சொல்வதுதான். போனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை ஒரு வாரம் நோட்டில் குறித்து வைத்தால் அதுவே உங்கள் அடுத்த பத்துப் பக்கம்.

படம் உங்கள் தோப்பில் எடுத்ததாக இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்த மஞ்சள் அல்போன்சா படத்தைப் போட்டுவிட்டுச் செந்தூரா அனுப்பாதீர்கள். தோப்பு இருக்கும் கிராமம், உரிமையாளர் பெயர், உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், கடை திறக்கும் நேரம் எல்லாம் தெளிவாக ஒரு பக்கத்தில் இருக்கட்டும். யார் எழுதினார்கள் என்று தெரியாத தளத்தை நீங்களே நம்பிப் பணம் அனுப்புவீர்களா?

ஒகேனக்கல் வேன்காரருக்கு வேறு சரக்கு. வருகிறவர் கேட்பது 'இன்று பரிசல் உண்டா' என்பதுதான். பரிசல் ஓடுவது நீர்வரத்தைப் பொறுத்தது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது, வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. இது நாளுக்கு நாள் மாறும். ஆகவே 'பரிசல் தினமும் இயங்கும்' என்று நிரந்தரமாக எழுதிய பக்கம் எல்லாமே ஒரு நாள் பொய்யாகும். பக்கத்தின் தலையில் தேதி போட்டு இன்றைய நிலையை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்குக் கீழே, தடை இருக்கும் நாளில் குடும்பத்தோடு வருகிறவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் எந்த நேரத்தில் இறங்குவது நல்லது, குரங்குகள் உள்ள இடத்தில் பையை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த மாதத்தில் பாறை தெரியும், எந்த மாதத்தில் நீர் நிறம் மாறும் என்று எழுதுங்கள். தினமும் போய் வருகிறவருக்குத் தெரிந்த இவை பெங்களூரில் உட்கார்ந்து பயணத் தளம் நடத்துகிறவருக்குத் தெரியாது. கட்டணத்தை எழுதினால் எந்தத் தேதிக் கட்டணம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

தேதியை மட்டும் புதுசாக மாற்றிவிட்டு எழுத்தை அப்படியே விடாதீர்கள். அது கண்டுபிடிக்கப்படும். 'குறைந்தது 1500 வார்த்தை இருக்க வேண்டும்' என்பதும் கட்டுக்கதை. கூகுளுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு நான்கு வரி போதுமென்றால் நான்கு வரியோடு நிறுத்துங்கள்.

பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: அறிவிப்பை நகலெடுத்துப் போடும் ஓட்டத்திலிருந்து வெளியே வாருங்கள். தேர்வாணையத்தின் சொந்தத் தளம் இருக்கும்போது உங்கள் நகல் தோற்கத்தான் செய்யும். உங்கள் மாணவர்கள் எந்தக் கணக்கில் தடுமாறுகிறார்கள், அதை வகுப்பில் எப்படி அவிழ்க்கிறீர்கள் என்பதை எழுதுங்கள்.

படி 7: இணைப்புகளும் வேகமும்

'ஐந்நூறு பேக்லிங்க், ஐயாயிரம் ரூபாய்' என்று, பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு விற்க வரும் வாட்ஸ்அப் செய்தியைக் கடந்து போங்கள். பென்குயின் தனியாக ஓடிய காலத்தில் அதில் சிக்கியவர்கள் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 அக்டோபருக்குப் பிறகு 2016 செப்டம்பர் வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அப்படிக் காத்திருந்தவர்கள் உண்டு. இப்போது வாங்கிய இணைப்புகளை அல்காரிதம் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்காமல் விடுகிறது, உங்கள் பணம் வீண். ஏற்கெனவே நிறைய வாங்கியிருந்து, மேனுவல் ஆக்‌ஷனும் வந்திருந்தால் மட்டும், அந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் 'டிஸ்அவோ' கருவியைத் தொடுங்கள். மற்றவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம்.

வேகத்தில், பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும். போனில் எடுத்த 6 எம்பி மாம்பழப் படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். அஞ்செட்டி மலையில் நின்று மொபைல் டேட்டாவில் உங்கள் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். வேகம் மட்டும் ஒரு காலிப் பக்கத்தை மேலே ஏற்றாது என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 8: காத்திருப்பு

சில மாற்றம் சில நாளில் தெரியும். தளம் முழுவதும் மேம்பட்டுவிட்டது என்று கூகுள் ஏற்றுக்கொள்ளப் பல மாதம் ஆகலாம், அடுத்த கோர் அப்டேட் வரை இழுக்கலாம், பழைய இடம் திரும்பாமலும் போகலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இடையில் பயந்து வாரம் ஒரு மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

என்ன செய்தீர்கள், என்று செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் சர்ச் கன்சோல் பாருங்கள். மாம்பழத் தளம் என்றால் நவம்பர், டிசம்பரிலேயே பக்கங்களைத் திருத்தி முடித்துவிடுங்கள். மரம் பூக்கும்போது பக்கமும் தயாராக இருந்தால்தான் சீசனுக்குள் கூகுள் அதைப் படித்து இடம் கொடுக்கும். ஏப்ரலில் தொடங்கினால் இந்த ஆண்டுக்குப் பிந்திவிடும்.

இந்த இடைவெளியில் கூகுள் மேப்பில் வரும் உங்கள் கடைப் பதிவைச் சரிபாருங்கள். அதன் வரிசை வேறு கணக்கு: தேடியதற்குப் பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு பேருக்குத் தெரிந்தது என்பது. கோர் அப்டேட்டில் தளம் இறங்கினாலும் மேப்பிலிருந்து போன் வந்துகொண்டிருக்கலாம். கடைப் பெயரோடு 'சிறந்த மலிவு கிருஷ்ணகிரி' என்றெல்லாம் ஒட்டாமல், போர்டில் உள்ள பெயரையே வையுங்கள்.

யாருக்காவது பணம் கொடுக்கும் முன்

எல்லாவற்றையும் நீங்களே செய்ய நேரம் இருக்காது, ஆள் வைப்பதில் தவறில்லை. ஆனால் 'முதல் இடம் உத்தரவாதம்' என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அந்த உத்தரவாதத்தைத் தர யாராலும் முடியாது. எந்தப் பக்கத்தில் என்ன மாற்றப் போகிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். உங்கள் தோப்புக்கோ கடைக்கோ வந்து பார்க்காமல், உங்களிடம் அரை மணி நேரம்கூடப் பேசாமல், மாதம் இருபது கட்டுரை எழுதித் தருகிறேன் என்றால், நான்காவது படியில் நாம் எடுத்த அதே பக்கங்கள்தான் மறுபடி வரும்.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால் இப்போதே மாற்றித் தரக் கேளுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே இதைக் கேட்பது எளிது. சர்ச் கன்சோலில் 'ஓனர்' உங்கள் ஜிமெயிலாக இருக்கட்டும், வேலை செய்பவருக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் கொடுங்கள். 'யூசர்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸ்' பகுதியில் முன்பு வேலை பார்த்தவர்கள் யாராவது மிச்சமிருந்தால் நீக்குங்கள், அவர்கள் உரிமைக்காகத் தளத்தில் வைத்த குறியீட்டையும் சேர்த்து எடுத்தால்தான் அது முழுதாகப் போகும். அந்த ஜிமெயிலின் மீட்பு எண், வேலையை விட்டுப் போய்விடக்கூடிய ஒருவருடையதாக இல்லாமல் உங்கள் சொந்த எண்ணாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.